கூடாரத்திலும் வாகனத்திலும் தங்குவோர் ஜெனரேற்றரைப் பாதுகாப்பாக இயக்கும் முறை

வெளிநாடுகளில் படுக்கையும் குசினியும் அடங்கிய பெரிய வாகனங்களில் குடும்பமாகச் சுற்றுலா போவோர், அவ்வாகனத்தின் ஜெனரேற்றரை ஓடவிட்டுப் படுத்து, விடியும்போது எழும்பாமற் போன செய்திகள் இடைக்கிடை வருவதுண்டு. அத்தகைய வாகனங்கள் இலங்கையின் வடக்கே வன்னித் தெருக்களில் ஓடுவது அரிது. ஆயினும், ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்குப் போகிற குடும்பங்கள் காட்டு மரங்களின் கீழ்க் கூடாரம் அடித்துத் தங்குகின்றன. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வருகிற கடைக்காரர் தமது கடையின் பின்பக்கத்திலேயே பாய் விரிக்கின்றனர். தறப்பாள் கட்டிய உழவு இயந்திரப் பெட்டி பலருக்கு இரவுக்கு வீடாகிறது. விமான நிலையத்திலிருந்து உறவினரை ஏற்றிவந்த வானின் சாரதி குளிரூட்டியைப் போட்டபடி இருக்கையைச் சாய்த்துக் கண்ணயர்கிறார். இவர்கள் எல்லோரையும் சூழ்கிற ஆபத்து ஒன்றே: எஞ்சின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயு.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணையோ தொண்டையையோ எரிப்பதும் இல்லை. பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், விறகு, கரி ஆகிய எதுவும் போதிய ஒட்சிசன் இன்றி அரைகுறையாக எரியும்போது இது உண்டாகிறது. மூச்சோடு உள்ளே போனால், குருதியில் ஒட்சிசனைக் காவுகின்ற ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்துடன் பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்றில் மிகச் சிறிய அளவு இருந்தாலும், மணித்தியாலக்கணக்கில் சுவாசிப்பவரின் குருதியில் அது சேர்ந்துகொண்டே போகும். பத்து இலட்சம் பங்கு காற்றில் 70 பங்குக்கு மேல் நீடித்தாலே தலையிடியும் களைப்பும் குமட்டலும் தொடங்கக்கூடும். 150 முதல் 200 பங்கு வரை நீடித்தால் புத்தி தடுமாறி, நினைவு தப்பி, உயிரும் போகலாம். உறங்குபவருக்குத் தலையிடி தெரியாது என்பதே இதில் மிகப் பெரிய சிக்கல். விழித்திருப்பவர் எழுந்து வெளியே போவார். உறக்கத்தில் இருப்பவர் உறக்கத்திலேயே மயங்கிவிடுவார்.

புகை மணக்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பது பலரிடம் உள்ள பிழையான நம்பிக்கை. மூக்குக்கு எட்டுவது எரியாத எரிபொருளின் மணமும் எண்ணெய் கருகும் மணமும் மாத்திரமே. அந்த மணத்துக்கும் மூக்கு சிறிது நேரத்தில் பழகிவிடும். நனைத்த துணியை மூக்கில் கட்டுவதாலோ, மருந்துக்கடை முகக்கவசத்தை அணிவதாலோ இந்த வாயு தடைப்படாது.

சிறிய ஜெனரேற்றரின் எஞ்சின் காரின் எஞ்சினைவிடச் சிறியது, ஆகவே அதன் புகையும் குறைவு என்று கருதுவோரும் உள்ளனர். இன்றைய கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பு உண்டு. சந்தையில் கிடைக்கும் ஒரு கிலோவாற்று, இரண்டு கிலோவாற்று மெசின்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. இத்தகைய மெசின் ஒன்று நூற்றுக்கணக்கான கார்கள் வெளிவிடும் அளவு காபனோரொட்சைட்டை வெளிவிடக்கூடும் என்று அமெரிக்காவின் நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு எச்சரிக்கிறது. மூடிய இடத்தில் வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தான் வெளிவிட்ட புகையையே மெசின் திரும்ப உள்ளிழுக்கும். ஒட்சிசன் குறையக் குறைய எரிதல் கெட்டு, நிமிடத்துக்கு நிமிடம் கூடுதலான வாயுவைக் கக்கும்.

மெசினைத் தூர வைத்தல்

முதல் விதி தூரம். உறங்கும் இடம், இருக்கும் இடம், யன்னல், கதவு, கூடாரத்தின் வாசல் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 6 மீற்றர், அதாவது 20 அடி தள்ளி மெசினை வைக்க வேண்டும் என்பது மேற்சொன்ன ஆணைக்குழுவின் அறிவுரை. மடுவில் இருப்பதுபோன்ற வெளியில் 10 மீற்றர் தள்ளி வைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. கூடுதலாகத் தேவைப்படுவது வயர் மட்டுமே. புகை வெளியேறும் குழாய் ஆட்கள் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். யன்னலைத் திறந்துவிட்டோம், கூடாரத்தின் ஒரு பக்கத்தைச் சுருட்டிவிட்டோம், மின்விசிறி ஓடுகிறது என்பனவெல்லாம் இந்தத் தூரத்துக்கு ஈடாகா. திறந்த யன்னல் வழியாக வாயு வெளியே போகிற அளவுக்கு உள்ளேயும் வரும்.

இந்த விதியைக் கேட்டால் எவரும் மறுப்பதில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் மெசின் கூடாரத்தின் ஓரத்திலேயே இருக்கும். அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தீர்க்காமல் விதியை மாத்திரம் திரும்பத் திரும்பச் சொல்வதால் பயனில்லை.

முதலாவது காரணம் களவு. இரவல் வாங்கிவந்த அல்லது கடன்பட்டு வாங்கிய மெசினைப் பத்து மீற்றருக்கு அப்பால் இருட்டில் விட்டுவிட்டு எவருக்கும் நித்திரை வராது. இதற்குத் தீர்வு ஒரு நல்ல சங்கிலியும் ஆமைப்பூட்டும். மெசினின் இரும்புச் சட்டகத்தின் ஊடாகச் சங்கிலியைச் செலுத்தி மரத்திலோ, உழவு இயந்திரப் பெட்டியின் கொளுவியிலோ பூட்டலாம். மரத்தில் பூட்டும்போது அருகில் சருகு இருந்தால் கூட்டித் தள்ளிவிட வேண்டும். ஆவணி வெயிலில் காய்ந்த பாலைச் சருகில் சூடான சைலென்சர் பட்டால் தீப்பிடிக்க அதிக நேரம் எடுக்காது. மெசின் இருக்கும் இடத்திலேயே ஒரு பல்பையும் எரியவிட்டால் கள்ளனுக்கும் தயக்கம் வரும், எரிபொருள் பார்க்கப் போகிறவருக்கும் வழி தெரியும்.

இரண்டாவது, வயர் எட்டாமை. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் நீட்டு வயர்கள் மூன்று, ஐந்து மீற்றருக்கு மேல் அரிது என்பதால், வயரின் நீளமே மெசினின் இடத்தைத் தீர்மானித்துவிடுகிறது. இறப்பர் உறையுள்ள 25 மீற்றர் வயரை அளந்து வாங்கி, மின்னிணைப்பாளர் ஒருவரிடம் கொடுத்து இரு முனைகளையும் பூட்டுவித்துக்கொள்வது நல்லது. ஒரு கிலோவாற்று மெசினுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியுள்ள வயர் போதும். மூன்று கிலோவாற்று வரை 2.5 சதுர மில்லிமீற்றர் வேண்டும். உருளையில் சுற்றிய வயராக இருந்தால் முழுவதையும் அவிழ்த்துவிட்டே பாவிக்க வேண்டும், சுற்றியபடி விட்டால் உள்ளே சூடேறி உருகும். ஆட்கள் நடக்கும் பாதையின் குறுக்கே போவதாக இருந்தால் மரத்துக்கு மரம் உயர்த்திக் கட்டுவது நிலத்தில் புதைப்பதிலும் மேலானது.

மூன்றாவது காரணம் மழை. வன்னியில் மாரிகாலத்தில் வெள்ளம் வந்து மின்சாரம் நின்றுபோகிற அதே நாளில்தான் மெசினுக்கு வேலை வருகிறது. அதே நாளில்தான் அதை விறாந்தைக்கோ, குசினிக்கோ, தறப்பாளுக்குள்ளோ இழுத்துவிடுகிறோம். மழையில் நனைந்தபடி மெசின் ஓடக்கூடாது என்பது உண்மை, மின்தாக்கும். அதற்காக அதை வீட்டுக்குள் எடுப்பது ஓர் ஆபத்தை விட்டு இன்னோர் ஆபத்தைப் பிடிப்பதாகும். நான்கு கம்புகளை நட்டு, அவற்றின் மேல் இரண்டு தகரத்தைச் சரிவாக அடித்து, நான்கு பக்கமும் திறந்தபடி விட்டால் போதுமான கூரை கிடைத்துவிடும். தகரம் மெசினின் மேற்பகுதியிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். சாரல் அடிக்கும் பக்கத்தில் மாத்திரம் ஒரு தகரத்தைச் சாய்த்து வைக்கலாம். மூன்று பக்கம் அடைக்கத் தொடங்கினால் அது கொட்டகை ஆகிவிடும். அடியில் இரண்டு வரிசை சீமெந்துக் கல் அடுக்கி மெசினை அதன் மேல் ஏற்றினால் நிலத்தில் ஓடும் நீர் அதனைத் தொடாது. தறப்பாளை மெசினின் மேல் நேரே போர்த்துவது எக்காலத்திலும் கூடாது.

நான்காவது காரணத்தைச் சொன்னால் சிலர் ஏற்கமாட்டார்கள். அண்மைக்காலத்தில் வருகிற சத்தம் குறைந்த இன்வேற்றர் வகை மெசின்கள் இந்த ஆபத்தைக் கூட்டியிருக்கின்றன என்பது என் கருத்து. பழைய மெசின் போட்ட இரைச்சலே அதனைத் தள்ளி வைக்கச் செய்தது. இப்போதைய மெசின் சுவருக்குப் பக்கத்தில் ஓடினாலும் கதைப்பது கேட்கும் என்பதால், தூர வைக்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. சத்தம் குறைந்திருப்பது மூடியினாலும் வேகக் கட்டுப்பாட்டினாலும்தான். உள்ளே எரிவது அதே பெற்றோல், வெளியே வருவது அதே வாயு.

காற்றின் திசை

ஆவணியில் வன்னியில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். ஆகவே மடுத் திருவிழாக் காலத்தில் மெசினைக் கூடாரத்தின் வடகிழக்குப் பக்கமாக வைத்தால் புகை அப்பால் அடித்துப் போகும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் தென்மேற்குப் பக்கம் பொருத்தமானது. இருப்பினும் காற்றை மாத்திரம் நம்பி தூரத்தைக் குறைக்கக் கூடாது. பகலில் மணலை அள்ளி வீசுகிற சோளகம், பொழுது சாய்ந்த பின்னர் காட்டின் உட்பகுதியில் அடங்கிப் போவதுண்டு. இலை அசையாத அந்த நேரத்தில் புகை விரியாமல் கூடாரங்களுக்கு இடையே தேங்கி நிற்கும். ஆட்கள் உறங்குவதும் அந்த நேரத்திலேயே. மாலை ஆறு மணிக்குச் சரியாக இருந்த இடம் இரவு பதினொரு மணிக்கும் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை எழுந்து போய்ப் பார்ப்பது அவசியம். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தால் புகை எப்பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

திருவிழா வெளியில் இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். உங்கள் மெசினை நீங்கள் முறைப்படி வைத்திருந்தாலும், அடுத்த கூடாரத்துக்காரரின் புகைக்குழாய் உங்கள் தலைமாட்டைப் பார்த்திருக்கலாம். முகம் சுளிக்காமல் போய், "அண்ணை, மெசினைக் கொஞ்சம் அங்கால தள்ளி வைப்பமே, சின்னப்பிள்ளையள் படுக்கினம், வயர் காணாட்டி நான் தாறன்" என்று கேட்டால் பெரும்பாலும் எவரும் மறுக்கமாட்டார்கள். கைவசம் மேலதிக வயர் ஒன்று இருப்பது இந்த இடத்தில் வாதத்தைவிடப் பயன் தரும். பல குடும்பங்கள் சேர்ந்து வந்திருந்தால், குடும்பத்துக்கு ஒன்று என்று ஐந்து சிறிய மெசின்களை ஓடவிடுவதிலும் பெரிய மெசின் ஒன்றை ஒதுக்குப்புறத்தில் வைத்துப் பங்கிடுவது எரிபொருளுக்கும் இலாபம், உயிருக்கும் பாதுகாப்பு.

வற்றாப்பளை போன்ற இடங்களில் கடைகள் முதுகோடு முதுகு ஒட்டி வரிசையாக அமைவதால், இரண்டு வரிசைகளுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய சந்தில் எல்லோரும் மெசினை வைத்துவிடுகிறார்கள். கடையின் பின் தறப்பாளுக்கு அப்பால் மெசின், இப்பால் உறங்கும் ஆள் என்று ஆகிவிடுகிறது. கடைகளுக்கு இடம் பிரித்துக் கொடுக்கும்போதே வரிசையின் ஒரு கோடியில் மெசின்களுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. இது நிர்வாகத்தினர் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை.

வாகனத்தில் உறங்கும்போது

வானின் உள்ளேயோ, பின்கதவைத் திறந்து பொதிகள் வைக்கும் இடத்திலோ, கூரையின் மேல் உள்ள இரும்புச் சட்டகத்திலோ ஜெனரேற்றரை வைத்து இயக்கவே கூடாது. வாகனத்துக்கு அடியில் வைத்தாலும் புகை தரையோட்டைகள், கதவு இறப்பர்கள், வயர் போகும் துவாரங்கள் வழியாக உள்ளே ஏறும். புகைக்குழாயில் இன்னொரு குழாயைப் பொருத்திப் புகையை வெளியே கொண்டுபோகலாம் என்று சிலர் செய்கிற ஏற்பாடும் நம்பத்தக்கதன்று. மெசினின் நடுக்கத்தில் பொருத்துகள் தளரும், வெப்பத்தில் குழாய் வெடிக்கும்; கசிவைக் கண்ணால் காண முடியாது.

தறப்பாள் மூடிய உழவு இயந்திரப் பெட்டி காற்றோட்டமானது என்று தோன்றும். உண்மையில் மூன்று பக்கமும் மேற்பக்கமும் அடைத்து ஒரு பக்கம் மாத்திரம் திறந்த பெட்டியில், திறந்த வாசலின் முன் மெசின் ஓடினால் உள்ளே போன வாயு வெளியேற வழி இருக்காது. பெட்டியின் கொளுவியில் மெசினைத் தூக்கி வைத்துக் கட்டுவது ஊரில் வழக்கம். ஓட்டத்தின்போது கொண்டுபோவதற்கு அது சரி, இயக்கும்போது இறக்கித் தள்ளி வைக்க வேண்டும்.

ஜெனரேற்றர் இல்லாவிட்டாலும் வாகனத்தின் சொந்த எஞ்சினை ஓடவிட்டுக் குளிரூட்டியில் உறங்குவது இதே வகையான ஆபத்து. டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினைவிடக் குறைந்த காபனோரொட்சைட்டையே வெளிவிடுகிறது. ஆனால் சைலென்சரில் ஓட்டை இருந்தால், அல்லது பின்புறம் மண்மேட்டிலோ பற்றைக்குள்ளோ புதைந்து புகைக்குழாய் அடைபட்டால், புகை வாகனத்துக்கு அடியிலேயே பரவி உள்ளே வரும். எஞ்சின் ஓடும்போது பின்கதவைத் திறந்து வைப்பதும் புகையை உள்ளே இழுக்கும். சாரதிக்கு உறக்கம் வந்தால், எஞ்சினை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, நுளம்புவலையைக் கட்டிக்கொண்டு படுப்பதே நல்லது. வியர்க்கத்தான் செய்யும்.

உறங்குமுன் நிறுத்துதல்

எவரும் விழித்திருக்காத நேரத்தில் மெசின் ஓடாமல் இருப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. இரவு முழுவதும் உண்மையில் எவ்வளவு மின்சாரம் தேவை என்று கணக்கிட்டால் வியப்பு ஏற்படும். 9 வாற்று எல்இடி பல்பு ஒன்று எட்டு மணித்தியாலத்துக்கு 72 வாற்று மணி. 50 வாற்று மேசை விசிறி ஒன்று அதே நேரத்துக்கு 400 வாற்று மணி. 12 வோல்ற்று, 100 அம்பியர் மணித்தியாலப் பற்றரி ஒன்று 1200 வாற்று மணியைத் தேக்கி வைக்கும். ஈய அமிலப் பற்றரியின் ஆயுளைக் காக்க அதில் பாதியை மாத்திரம் எடுத்தாலும் 600 கிடைக்கிறது. பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது சிறிது இழப்பு ஏற்பட்டாலும், ஒரு விசிறியும் ஒரு பல்பும் விடியும் வரை தாங்கும். விசிறியும் 12 வோல்ற்றில் நேரடியாக ஓடும் வகையானால் அப்படி மாற்றும் கருவி தேவையில்லை, செலவாகும் மின்சாரமும் குறைவு. பகல் முழுவதும் வெயில் எரிக்கிற வன்னியில் சூரியத்தகடு ஒன்றைக் கொண்டுபோய்ப் பற்றரியை ஏற்றிக்கொள்ளலாம். அல்லது மாலையில் மெசின் ஓடும்போதே ஏற்றிவிட்டு, படுக்கப்போகும்போது மெசினை நிறுத்திவிடலாம். எரிபொருள் தாங்கியில் குறித்த நேரத்துக்கு மாத்திரம் போதுமான அளவு ஊற்றுவதும் ஓர் உத்தி: நிறுத்த மறந்தாலும் அது தானாக நின்றுவிடும்.

எஞ்சினின் நிலையும் எரிபொருளும்

போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிப் பழகிய கைகள் வன்னியில் இன்னும் உண்டு. வேறு வழியில்லாத காலத்தில் அது சாமர்த்தியம்தான். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக எரியாது; புகையும் கரியும் கூடும், காபனோரொட்சைட்டும் கூடும். சோக்கை இழுத்தபடி விடுவது, செம்மண் தூசி அடைந்த காற்று வடிகட்டியைத் துப்புரவாக்காமல் ஓட்டுவது, காபரேற்றரைப் பெற்றோல் அதிகம் போகும்படி திருகி வைப்பது ஆகியனவும் அவ்வாறே. கறுத்த புகை வந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எனினும், நன்றாகப் பராமரித்த மெசினும் ஆளைக் கொல்லப் போதுமான வாயுவை வெளிவிடும் என்பதால், புகை தெளிவாக இருக்கிறது என்று தூரத்தைக் குறைத்துவிடக் கூடாது.

எச்சரிக்கைக் கருவி

இந்த வாயுவை மனிதப் புலனால் அறிய முடியாததால் அதற்கென்று தனிக் கருவி உண்டு. பற்றரியில் இயங்கும் இதனைத் தீப்புகை எச்சரிக்கைக் கருவியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புகைக் கருவி காபனோரொட்சைட்டுக்கு ஒலிக்காது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எரிபொருள் எரிக்கும் சாதனமுள்ள வீடுகளுக்கு இது சட்டப்படி கட்டாயம் என்பதால், ரொறொன்ரோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வருகிற உறவினரிடம் சொக்கிலேற்றுக்குப் பதிலாக இதைக் கொண்டுவரும்படி கேட்கலாம். இலேசான பொருள், பையில் இடமும் பிடிக்காது. ஐரோப்பியத் தரத்தில் ஈஎன் 50291 என்ற இலக்கம் பொறித்த கருவி நம்பத்தக்கது. பத்து இலட்சத்தில் 50 பங்கு வாயு 60 முதல் 90 நிமிடம் நீடித்தால் அது ஒலிக்கும், 100 பங்கானால் 10 முதல் 40 நிமிடத்துக்குள் ஒலிக்கும், 300 பங்கானால் மூன்று நிமிடத்துக்குள் ஒலித்துவிடும். வாகனத்தில் பாவிப்பதற்கு அதே தரத்தின் இரண்டாம் பகுதிக்கு உரிய கருவி வேண்டும்.

படுத்திருப்பவரின் தலைக்கு அருகில், மூச்சுவிடும் உயரத்தில் அதனை மாட்ட வேண்டும். இந்த வாயு காற்றைவிடச் சற்றே இலேசானது என்றாலும் வித்தியாசம் மிகச் சிறிது; கூரைக்கு மேலேறி நிற்பதும் இல்லை, தரையில் படிவதும் இல்லை, காற்றோடு முற்றாகக் கலந்துவிடும். திறந்த யன்னலை ஒட்டி மாட்டினால் உண்மையான அளவைக் காட்டாது. கருவியின் உணரி சில ஆண்டுகளில் காலாவதியாகும். அதன் திகதி பின்புறத்தில் அச்சிட்டிருக்கும். பரிசோதனைப் பொத்தானை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அழுத்திப் பார்க்க வேண்டும். கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் மெசினைக் கிட்டக் கொண்டுவருவதானால் கருவி வாங்காமல் இருப்பதே மேல்.

கிணற்றுக்குள் இறங்கும் மெசின்

கூடாரத்திலிருந்து சற்று விலகினாலும், இதே எஞ்சின் வன்னியில் மிக விரைவாக உயிரை எடுக்கக்கூடிய இடம் கிணறு என்பதால் அதனையும் சொல்லியாக வேண்டும். மேலே வைத்த நீரிறைக்கும் மெசின் நடைமுறையில் ஏழு, எட்டு மீற்றர் ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சமாட்டாது. கோடையில் நீர் கீழே போனதும், கிணற்றின் உட்பக்கத்தில் பலகை கட்டி மெசினை இறக்கி ஓடவிடுகிறார்கள். வெள்ளத்துக்குப் பின் கிணறு இறைத்துத் துப்புரவாக்கும்போதும் இவ்வாறு நடக்கிறது. கிணறு மேலே திறந்திருந்தாலும் உள்ளே காற்று ஓடாது. சில நிமிடங்களில் அது புகை நிரம்பிய குழி ஆகிவிடும். மெசின் நின்றுவிட்டது என்று பார்க்க இறங்குகிறவர் ஏணியிலேயே மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிற தம்பி, தம்பியைத் தூக்க இறங்குகிற அயலவர் என்று ஒன்றன்பின் ஒன்றாக உயிர்கள் போகும்.

கிணற்றுக்குள் எரியும் விளக்கை இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்று தீர்மானிக்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவை ஓரளவு காட்டும், காபனோரொட்சைட்டைக் காட்டாது. ஆளைச் சில நிமிடத்தில் வீழ்த்தும் அளவு வாயு உள்ள கிணற்றிலும் விளக்கு சுடர்விட்டு எரியும். எரிபொருளில் ஓடும் எந்த எஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். நீரில் மூழ்கும் மின்பம்பியை இறக்கி, அதற்கு மின்சாரம் தரும் ஜெனரேற்றரைக் கிணற்றுக் கட்டிலிருந்து பத்து மீற்றர் தள்ளி, புகை கிணற்றுப் பக்கம் அடிக்காதபடி வையுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அடுத்தவர் இறங்கக்கூடாது. இறங்குவோர் எவரானாலும் உடலில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே இருப்போர் கையில் இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே கட்டாயமானால், விழுந்தவரை இறங்காமலே இழுத்தெடுக்கலாம்.

அறிகுறியும் உடனடியாகச் செய்ய வேண்டியதும்

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சத்தி, கை கால் சோர்வு, குழப்பமான பேச்சு ஆகியவை முதல் அறிகுறிகள். திருவிழாவில் இவற்றை வெயில் குடித்தது என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எடுத்துக்கொள்வது வழக்கம். வேறுபடுத்திப் பார்க்க இரண்டு கேள்விகள் உதவும். ஒரே கூடாரத்தில் இருந்த பலருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா? வெளியே வந்ததும் குறைகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் புகையைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் இருப்பதும் ஒரு குறிப்பு. சிறுபிள்ளைகள் வேகமாகச் சுவாசிப்பதால் பெரும்பாலும் அவர்களே முதலில் பாதிக்கப்படுவர். "அம்மா, தலையிடிக்குது" என்று பிள்ளை இரவில் எழுந்து சொன்னால், பனடோல் தேடுவதற்கு முன் பிள்ளையை வெளியே தூக்கிவர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இருதய நோயாளருக்கும் ஆபத்து மிகக் கூடுதல். தாய்க்கு இலேசாகத் தோன்றினாலும் வயிற்றில் உள்ள குழந்தைக்கு அவ்வாறு இருக்காது. மது அருந்தியவர் குழறுவதும் புகையால் குழறுவதும் வெளியே ஒன்றுபோல் தெரியும்; வெறி என்று விட்டுவிடக் கூடாது.

எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, ஆட்களை எண்ணிப் பார்த்து, பின்னர் மெசினை நிறுத்துங்கள். உள்ளே மயங்கியிருப்பவரை எடுக்க நுழைய வேண்டியிருந்தால் தறப்பாளைக் கத்தியால் கிழித்தும் வாகனக் கதவுகளை முழுவதும் திறந்தும் காற்றை விட்டு, தாமதிக்காமல் வெளியே இழுத்துவிட வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஒட்சிசன் அதில் உண்டு என்பதால், முச்சக்கர வண்டியில் ஏற்றுவதிலும் அதற்காகக் காத்திருப்பது பெரும்பாலும் நன்று. மூச்சு இல்லையேல் மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள். தேசிக்காய்த் தண்ணீர் பருக்குவது, முகத்தில் நீர் தெளித்துப் படுக்கவிடுவது ஆகியவற்றில் நேரத்தை இழக்க வேண்டாம்.

வைத்தியசாலையில் முதல் வாயிலேயே "ஜெனரேற்றர் புகை" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாந்திக்கும் தலையிடிக்கும் வேறு காரணம் தேடப்படலாம். கொவிட் காலத்தில் பலர் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி இங்கே உதவாது. காபனோரொட்சைட்டு பற்றிய ஈமோகுளோபினையும் ஒட்சிசன் பற்றியது என்றே அது எண்ணுவதால், ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டக்கூடும். குருதியில் உள்ள வாயுவின் அளவு சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணித்தியாலம் எடுக்கும். முகமூடி வழியாக முழு ஒட்சிசன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் அது நிகழும். வெளியே வந்து தெளிந்துவிட்டார், இனி வைத்தியசாலை எதற்கு என்று திரும்பிவிடக் கூடாமைக்கு இதுவே காரணம்.

வீடு திரும்பிய பின்னும் சில வாரங்களுக்கு அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருந்தவருக்குச் சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து ஞாபகமறதி, நடையில் தடுமாற்றம், காரணமற்ற கோபம், வேலையில் மனம் பதியாமை போன்றவை தோன்றினால், அவை அந்த இரவின் பின்விளைவாக இருக்கக்கூடும். அனுமதி அட்டையையும் எடுத்துக்கொண்டு அதே வைத்தியசாலைக்குத் திரும்பிப் போய், புகை பட்ட திகதியையும் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.